சும்மா உட்கார்ந்திருந்தால் ஓய்வா?

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்காத வடசென்னைக்காரர் இருக்க முடியாது. முன்னால் நிற்கும் வண்டி நகர்ந்தால்தான் நம் வண்டி நகரும். எங்கள் அலுவலகத்துக்கு வழக்கமாக வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் ஒருமுறை அந்த வரிசையில் ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டு வந்தார். "இன்னா சார், காலைலேர்ந்து சும்மாதான் உக்காந்துனு இருந்தேன். மூட்டை தூக்கினவன் மாறி உடம்பு வலிக்குது. ஏன்?" என்று கேட்டார்.

டீ வாங்கிக் கொடுத்து, "வெயில்ணா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதிலே இல்லை என்று பிறகுதான் புரிந்தது. அன்றைக்கு அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் உளவியல் படித்தவன் அல்ல. ஓய்வெடுக்கத் தெரியாமல் நாற்பது வயதைத் தாண்டி, பிறகு கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டவன்.

வேலையில் நம்மிடமிருந்து செலவாவது உடம்பின் பலம் மட்டுமல்ல. கவனம் செலவாகிறது, பொறுமை செலவாகிறது, சட்டென்று முடிவெடுக்கும் தெம்பும் செலவாகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பிள்ளை பென்சில் கேட்டதற்கு எரிந்து விழுகிறோமே, அது பென்சிலால் வந்த கோபம் அல்ல, பொறுமை தீர்ந்துபோனதால் வந்தது. செலவானது மறுபடி ஊறி வருவதை மீட்சி என்கிறார்கள். இறைத்த கிணறு ஊறும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஊறுவதற்கு நேரம் விட வேண்டும். வாளியை உள்ளேயே தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தால் சேறுதான் கலங்கும்.

வாளி எப்போது உள்ளே இருக்கிறது, எப்போது வெளியே வருகிறது? இதை அளப்பதற்கு 2007-இல் சபினே சொன்னென்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். வேலை முடிந்த நேரத்தில் மனிதருக்குத் தெம்பைத் திருப்பித் தரும் அனுபவங்களை நான்காகப் பிரித்தார்கள். மனம் வேலையை விட்டு விலகுவது ஒன்று. உடம்பும் மனமும் தளர்ந்து கிடப்பது இன்னொன்று. வேலைக்குச் சம்பந்தமில்லாத எதிலாவது கை தேறுவது மூன்றாவது. இந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை நாமே முடிவு செய்வது நான்காவது.

இப்போது அந்த லாரி அண்ணனை நினைத்துப் பாருங்கள். கண் முன்வண்டியின் பின்விளக்கிலேயே இருக்கிறது. எப்போது நகரும் என்று தெரியாததால் தூங்க முடியாது. இறங்கி ஒதுங்கக்கூட யோசிக்க வேண்டும். நடுநடுவே அலுவலகத்திலிருந்து போன் வருகிறது, "எங்கண்ணா இருக்கீங்க?" என்று. அந்தப் போனைச் செய்தவன் நான்தான். ஒன்பது மணி நேரமும் அவர் கை சும்மா இருந்தது. நான்கில் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

மனம் விலகுவதுதான் இந்த நான்கில் கடினமானது. என் கதையையே சொல்கிறேன். நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் இருக்கிறேன். இறக்குமதியான சரக்குக்குக் காகித வேலை முடித்து, கன்டெய்னரைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. கெடு நாளுக்குள் எடுக்காவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தாலும், வியாழக்கிழமை நின்றுபோன பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கப் படிவம் விட்டத்தில் தொங்குவது போலத் தெரியும்.

இதற்கும் ஒரு விளக்கம் உண்டு. முடிந்த வேலையைவிட முடியாத வேலைதான் நினைவில் அதிகம் தங்குகிறது என்று ப்ளூமா ஸைகார்னிக் என்ற பெண் ஆய்வாளர் 1927-இல் எழுதினார். பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் அவர் சொன்னதற்கு ஒத்துவரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பாதியில் நிற்கும் வேலை மனதைத் தட்டிக்கொண்டே இருப்பதை அனுபவிக்காதவர் குறைவு. எனக்கு உபயோகப்பட்டது 2011-இல் மாசிகாம்போ, பவுமைஸ்டர் என்ற இருவர் கண்டுபிடித்தது. வேலையை முடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை, எப்போது, எப்படி முடிக்கப் போகிறோம் என்று தெளிவாகத் திட்டம் போட்டுவிட்டாலே அந்தத் தட்டல் அடங்குகிறதாம்.

அதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் கிளம்புவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டு எழுதுகிறேன். "திங்கள் பத்து மணி, கஸ்டம்ஸ் ஹவுஸ், இன்ன ஃபைல், இன்னாரைப் பார்க்க வேண்டும்." அவ்வளவுதான். சீட்டு மேஜை டிராயரில் இருக்கும். வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. "ஃபைலைப் பார்க்கணும்" என்று மொட்டையாக எழுதினால் வேலைக்கு ஆகாது என்பது இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. நேரம், இடம், ஆள் மூன்றும் இருக்க வேண்டும்.

தளர்ந்து கிடப்பதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, பாய் விரித்து, கடல் காற்று வரும் வரை காத்திருப்பது எப்படி என்று தண்டையார்பேட்டைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கை தேறுவது என்பதுதான் பலருக்கு விளங்காது. ஓய்வு நேரத்தில் எதற்கு இன்னொரு கஷ்டம் என்று கேட்பார்கள். எங்கள் பகுதிக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாருங்கள். பகல் முழுக்க மூட்டை தூக்கியவர், ஆட்டோ ஓட்டியவர், மீன் ஏலத்தில் கத்தித் தொண்டை கட்டியவர் எல்லோரும் ஒரு டியூப்லைட் வெளிச்சத்தில் கேரம் போர்டைச் சுற்றி நிற்பார்கள். பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரை வைத்து, சிவப்புக் காயைக் குறி பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவு உழைப்பு அதில் இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்குப் போகும்போது தெளிந்து போகிறார்கள். குறி பார்க்கிற அந்த நொடியில் மனதில் வேறு எதற்கும் இடமில்லை, அதனால் வேலை தானாக வெளியே போய்விடுகிறது. போன வாரம் விழாத கோணத்தில் இந்த வாரம் காய் விழுந்தால், பகலில் முதலாளி திட்டியதைத் தாண்டியும் தனக்கு ஒன்று வருகிறது என்ற எண்ணம் சேர்கிறது. இந்தத் தெருக்களிலிருந்துதான் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைக்குப் போய் மூன்று தங்கம் வென்று வந்தார். அவருக்குக் கேரம் ஓய்வு அல்ல, உழைப்பு. டியூப்லைட்டின் கீழ் நிற்கும் நமக்குத்தான் அது ஓய்வு.

சரி, பயணத்துக்கு வருகிறேன். நான்கையும் ஒரே மூட்டையில் கட்டித் தருவது பயணம் என்றுதான் நாம் நம்புகிறோம். ஊரை விட்டுப் போனால் வேலை விட்டுவிடும் என்று நினைத்து, போன வருடம் மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போனேன். மூன்று நாள். வேனில் ஏறினால் தூண் பாறை, இறங்கினால் பசுமைப் பள்ளத்தாக்கு, ஏரியில் படகு, நடுவில் ஹோம்மேட் சாக்லேட். எந்த இடத்துக்கு எத்தனை நிமிடம் என்று நான் தாளில் எழுதி வைத்திருந்தேன். கன்டெய்னரை நகர்த்துகிறவன் குடும்பத்தை நகர்த்தினால் அப்படித்தான் இருக்கும்.

முதல் ராத்திரி தூக்கமே இல்லை. குளிர் என்று நினைத்தேன். புது இடத்தில் முதல் நாள் தூக்கம் கெடுவதற்கு மூளையிலேயே காரணம் இருக்கிறது. மசாகோ டமாகி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2016-இல் ஒன்று காட்டினார்கள்: புது இடத்தில் முதல் இரவில் மூளையின் இடது பாதி, வலது பாதியைவிட லேசாகத் தூங்குகிறது. அந்தப் பக்கம் சின்னச் சத்தத்துக்கும் எழுந்துகொள்கிறது. அதாவது பாதி மூளை வாட்ச்மேன் வேலை பார்க்கிறது. டால்பினும் சில பறவைகளும் பாதி மூளையோடு தூங்குவதைப் போல, அவ்வளவு முழுமையாக இல்லாவிட்டாலும். இரண்டு ராத்திரித் தங்கலில் ஒன்று இப்படிப் போய்விட்டால் மிச்சம் எவ்வளவு?

திரும்பி எழும்பூரில் விடிகாலை இறங்கி, வீட்டில் குளித்து, நேராக அலுவலகம். புதன்கிழமைக்குள் கொடைக்கானல் போனதே மறந்துவிட்டது. இது என் ஒருவனின் அதிர்ஷ்டக் குறைவு என்று நினைத்திருந்தேன். ஜெசிகா டி ப்ளூம் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. சராசரியாக 23 நாள் விடுமுறை போனவர்களைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். நலம் எட்டாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போனது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள்ளேயே பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. 23 நாள் போனவருக்கே அப்படி! நெதர்லாந்தில் 2010-இல் வந்த இன்னொரு ஆய்வில், சுற்றுலா போகிறவர்கள் கிளம்பும் முன்புதான் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். திரும்பிய பிறகு பெரும்பாலானவர்களிடம் வித்தியாசமே இல்லை. டிக்கெட் எடுத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறோமே, அந்த எண்ணிக்கையில்தான் பாதி சுகம்.

அப்படியென்றால் பயணமே வேண்டாமா? நானும் அப்படித்தான் கோபமாக முடிவு செய்தேன். அதை இரண்டு பேர் மாற்றினார்கள்.

முதலாவது என் மனைவி. ஊரிலிருந்து வந்த துணி மூட்டையைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீ லீவுல வந்த. நான் வேலைய தூக்கினு வந்தேன்." யோசித்தால் அப்படித்தான். பிள்ளைகளுக்குப் பால், மாத்திரை, ஸ்வெட்டர், நனைந்த துணி காயப்போடுவது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பார்த்து ஓட்டலில் சொல்வது. அவளுக்கு வேலை நிற்கவே இல்லை, இடம்தான் மாறியது. எங்கே போவது என்பதில்கூட அவளை யாரும் கேட்கவில்லை, தாள் என் சட்டைப் பையில் இருந்தது. நான்காவது அனுபவம், நேரம் தன் கையில் இருப்பது, ஒரு குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. குடும்பச் சுற்றுலாவை ஓய்வு என்று எழுதும் கட்டுரைகளில் இதைப் பார்க்க முடிவதில்லை என்பது என் மனத்தாங்கல்.

இரண்டாவது ஆள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ஜூன் முதல் வாரம், தடைக்காலம். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. சின்னப் படகுகள் மட்டும் கரையோரம் போய் வரும். துறைமுகமே படகுகளால் அடைத்துக் கிடக்கும். நான் மீன் வாங்கப் போனவன், விலையைக் கேட்டுவிட்டு வலைப்பக்கம் நகர்ந்தேன். "ரெண்டு மாசம் நல்ல ரெஸ்ட்டு" என்று பேச்சுக்குச் சொன்னேன். அவர் தலை தூக்காமலே, "ரெஸ்ட்டு எங்க தம்பி? தண்ணிலயே கெடந்தா படகு நல்லாத்தான் தெரியும். கரையேத்தினாதான் எங்க ஓட்டைன்னு தெரியும்" என்றார்.

சுற்றிப் பார்த்தேன். ஒரு படகில் பலகை மாற்றுகிறார்கள். இன்னொன்றில் எஞ்சினை இறக்கிப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கீழே ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டி, பெயிண்ட் அடிக்கிறார்கள். கடலில் இருக்கும் வரை அந்தப் படகின் அடிப்பக்கத்தை யாரும் பார்த்திருக்க முடியாது.

பயணத்தையும் ஓய்வையும் பற்றி நான் தப்பாக நினைத்திருந்தது அங்கேதான் பிடிபட்டது. போய் வந்தால் தெம்பு ஏறி, அது ஒரு வருடத்துக்கு நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். தெம்பு ஒரு வாரத்தில் இறங்கத்தான் செய்யும், ஆய்வும் அதையே சொல்கிறது. ஆனால் வழக்கமான தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து வைத்த நாட்களில் நம் அடிப்பக்கம் கொஞ்சம் கண்ணில் படுகிறது. சுயமுன்னேற்றம் என்று சொல்கிறார்களே, எனக்குத் தெரிந்த அளவில் அது அந்த ஓட்டையைப் பார்ப்பதில் ஆரம்பிக்கிறது.

பொங்கல் கழிந்து ஒரு புதன்கிழமை லீவு போட்டுத் தனியாகப் பழவேற்காடு போனேன். தண்டையார்பேட்டையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில், பொன்னேரியில் இறங்கி பஸ். தாள் கிடையாது. போனை அணைத்துப் பையின் அடியில் போட்டேன். பொன்னேரி வருவதற்குள் பதினொரு தடவை கை சட்டைப் பைக்குப் போனது. எண்ணினேன், வேறு வேலை இல்லையே. அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்தபோதும் எந்தக் கம்பெனிக்கு நிலக்கரி இறங்குகிறது என்றுதான் புத்தி போனது. மீஞ்சூர் தாண்டி வயல் வந்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

1639-ஐச் சென்னையின் பிறந்த வருடம் என்று கொண்டாடுகிறோம். அதற்கு முன்பே, 1613-இல், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டிவிட்டார்கள். அவர்கள் கல்லறையின் வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கிறார்கள். நாற்பது வருடமாக ஒரு ரயில், ஒரு பஸ் தூரத்தில் இருந்தும் நான் பார்த்ததில்லை. ஏரியில் தூரத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டித் தின்றுகொண்டிருந்தன. அரை மணி நேரம் அதையே பார்த்தேன். கரையில் ஒரு அம்மா பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். நானும் ஒரு ஓலையை வாங்கி மடித்துப் பார்த்து, மூன்றாவது மடிப்பிலேயே சிக்கிக்கொண்டேன். அவர் சிரித்தார். ஒன்றும் தெரியாதவனாக யார் முன்னாலும் உட்கார்ந்து எத்தனை வருடம் ஆகிவிட்டது என்று தோன்றியது. அலுவலகத்தில் எனக்குத் தெரியாதது இல்லை, அல்லது தெரியாததைக் காட்டிக்கொண்டதில்லை.

சாயங்காலம் போனைப் போட்டேன். அலுவலகத் தம்பி ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: "கேட் அவுட் ஆயிடுச்சுண்ணா." நான் இல்லாவிட்டால் நகராது என்று நினைத்த கன்டெய்னரை அவனே வெளியே எடுத்துவிட்டான். நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது வருத்தம். அதுதான் என் ஓட்டை. நான் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு, என்னைத் தேடுகிறார்கள் என்ற ருசி. ஞாயிற்றுக்கிழமை போனை அணைக்க முடியாததற்கு டெமரேஜ் மட்டும் காரணம் இல்லை. இதைத் தொழிலில் இருந்துகொண்டே கண்டுபிடித்திருப்பேனா என்றால், சந்தேகம்தான்.

இதெல்லாம் லீவு கிடைக்கிறவன் பேச்சு என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் ஓய்வு பணக்காரர் விஷயம் என்பதை மட்டும் வடசென்னையில் சொல்லக்கூடாது. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து பி.பி.வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அந்தத் தொழிலாளர்களின் ஆரம்பக் குறைகளில் ஒன்று, மதிய இடைவேளை சாப்பிடக்கூடப் போதவில்லை என்பது. சில நிமிடங்களுக்காகப் பேசினார்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கொடைக்கானலில் ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மாதம் ஒரு அரைநாள் போதும். தெரியாத ஒரு ஸ்டேஷனில் இறங்கிப் பார்க்கலாம், ராயபுரத்தில் 1856-லிருந்து நிற்கும் ரயில் நிலையத்தின் தூண்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம். கிளம்பும் முன் துண்டுச் சீட்டு எழுதிவிடுங்கள். வெளியூர்த் தங்கல் என்றால் முதல் ராத்திரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், திரும்பி வந்ததும் ஒரு நாள் வீட்டில் இருக்க வழி பாருங்கள். அப்புறம், கை எத்தனை முறை போனுக்குப் போகிறது என்று எண்ணுங்கள். குறைக்க முயல வேண்டாம், எண்ணினால் போதும்.

லாரி அண்ணனுக்கு இதில் எதையும் செய்ய முடியாது என்பது தெரியும். வரிசை அவர் கையில் இல்லை. என் கையில் இருப்பது போன் மட்டும்தான். இப்போதெல்லாம் நான் கூப்பிடுவதில்லை. "துறைமுக கேட் கிட்ட போனதும் நீங்களே ஒரு போன் பண்ணுங்கண்ணா, அதுவரைக்கும் நாங்க பண்ண மாட்டோம்" என்று சொல்லி அனுப்புகிறேன். முதல் தடவை அவர் நம்பவில்லை. நடுவில் இரண்டு முறை அவரே கூப்பிட்டு, "இன்னா சார், போனே காணோம்?" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் முறை. தங்கையோடு காலையிலேயே கிளம்புகிறாள். எங்கே என்று கேட்டேன், சொல்லவில்லை. தடைக்காலம், வஞ்சிரம் விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது, அதனால் கரையோரப் படகில் வரும் நெத்திலி வாங்கிக் குழம்பு வைப்பதாக உத்தேசம். சின்னவன் அதைக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் அன்றைக்கு என்ன சமையல் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.